கோடை விடுமுறைக்கு ஒரு கூடாரம்

மே மாதம். தில்லியில் அனல் காற்று வீசுகிறது. அங்குள்ளவர்கள் அதை 'லூ' என்கிறார்கள். சில நாட்களில் வெயில் 45 டிகிரியைத் தாண்டிவிடும். பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்.

வீடு என்றால் ஒரே அறை. மேலே தகரக் கூரை. வாசலில் பெரிய சாலை. இரவு முழுவதும் லாரி போகும். ஹாரன் ஓயாது.

அந்த அறையில் ஐந்து பேர். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா தெருமுனையில் துணிக்கு இஸ்திரி போடுகிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. மகன் நாலாம் வகுப்பு. கூடவே பாட்டி. விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்.

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். தில்லியில் இதுபோன்ற தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்.

அவர்கள் கேட்பது பெரிய ஆசை இல்லை. விடுமுறையில் நான்கு நாள் குளிர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். சத்தம் இல்லாமல் தூங்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு வழி உண்டா? உண்டு. ஆனால் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

போன வருடம் நடந்தது

போன வருடம் இந்தக் குடும்பம் மணாலிக்குப் போனது. சனிக்கிழமை காலையில் போய் இறங்கினார்கள். விடுதிகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. கிடைத்த ஓர் அறைக்கு மும்மடங்கு வாடகை கேட்டார்கள். கடைவீதியில் தோளோடு தோள் இடித்தபடி நடக்க வேண்டியிருந்தது. சாலையில் கார்கள் வரிசையாக நின்றன. இரவு பன்னிரண்டு மணி வரை ஒலிபெருக்கியில் பாட்டு.

பாட்டி சொன்னார்: "தில்லியையே மூட்டை கட்டித் தூக்கிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு."

இரண்டாம் நாளே திரும்பிவிட்டார்கள்.

இந்த வருடம் அம்மா முன்கூட்டியே தயார் ஆனார். இஸ்திரி போட்ட காசில் மாதம் 600 ரூபாய் எடுத்து ஒரு டப்பாவில் போட்டார். 12 மாதத்தில் 7,200 ரூபாய் சேர்ந்தது. போன வருடம்தான் அவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். முதல் பக்கத்தில் இப்படி எழுதினார்: 'கூட்டம் இல்லாத இடம் எது?'

கூட்டம் ஏன் சேருகிறது?

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், விடுமுறை. தில்லியில் பள்ளிகளுக்கு மே மாத நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை விடுமுறை. பக்கத்து மாநிலங்களிலும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான் விடுமுறை. எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன.

இரண்டாம் காரணம், பெயர் பெற்ற ஊர்கள். சிம்லா, மணாலி, முசூரி, நைனிதால். இந்த நான்கு பெயர்தான் எல்லாருக்கும் தெரியும். எனவே எல்லாரும் அங்கேயே போகிறார்கள்.

மூன்றாம் காரணம், சனி ஞாயிறு. வெள்ளிக்கிழமை மாலை கிளம்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்புவார்கள்.

காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். திங்கட்கிழமை போய் வியாழக்கிழமை திரும்பலாம். பெயர் பெற்ற ஊரை விட்டுவிட்டு அதன் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போகலாம். பெரிய சாலையிலிருந்து பத்து இருபது கிலோமீட்டர் உள்ளே போனாலே கூட்டம் குறைந்துவிடும்.

குளிர் குறையுமோ என்ற பயம் வேண்டாம். மலையில் ஏறினால் குளிரும். ஊரின் பெயருக்கும் குளிருக்கும் சம்பந்தம் இல்லை. 1,000 மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். தில்லியில் 42 டிகிரி இருக்கும்போது, 1,500 மீட்டர் அதிக உயரத்தில் உள்ள மலைக் கிராமத்தில் சுமார் 9 டிகிரி குறைவாக இருக்கும். இரவில் போர்வை தேவைப்படும்.

தீர்த்தன் பள்ளத்தாக்கு

இமாச்சலப் பிரதேசத்தில் குல்லு மாவட்டம் இருக்கிறது. மணாலியும் அந்த மாவட்டத்தில்தான் உள்ளது. அதே மாவட்டத்தில் இன்னொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பெயர் தீர்த்தன். தீர்த்தன் என்பது ஆற்றின் பெயர். பனிமலையில் பிறந்து, லார்ஜி என்ற ஊரில் பியாஸ் ஆற்றோடு சேருகிறது.

தில்லியில் காஷ்மீரி கேட் பஸ் நிலையத்திலிருந்து மாலையில் மணாலி பஸ் கிளம்பும். அதில் ஏறினால் மணாலி வரை போக வேண்டாம். வழியில் ஔட் என்ற இடத்தில் இறங்கலாம். அங்கிருந்து பஞ்சார் என்ற சிறு ஊருக்கு வேறு பஸ். பஞ்சாரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் குஷைனி என்ற கிராமம்.

அதற்கும் மேலே பெரிய இமயமலை தேசியப் பூங்கா இருக்கிறது. இது 1999இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது. பூங்காவுக்குள் போக வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். பூங்காவைச் சுற்றியுள்ள கிராமங்களில் தங்க அந்தச் சீட்டு தேவை இல்லை.

அந்தக் கிராமங்களில் ஆப்பிள் தோட்டங்கள் உண்டு. கல்லும் மரமும் வைத்துக் கட்டிய வீடுகள் உண்டு. பெண்கள் சேமிப்புக் குழுக்கள் நடத்துகிறார்கள். மண்புழு உரம் தயாரித்து விற்கிறார்கள். சிலர் வீட்டில் ஓர் அறையை விருந்தாளிகளுக்கு வாடகைக்குத் தருகிறார்கள். சிலர் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தருகிறார்கள். மெத்தை, ரஜாய், சாப்பாடு எல்லாம் அவர்களே தருவார்கள். நாம் கூடாரம் வாங்கிச் சுமக்க வேண்டியது இல்லை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

அப்பாவின் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் போனில் படம் காட்டினார். ஆற்றங்கரையில் அழகான கூடாரம். "முழுப் பணமும் இப்பவே அனுப்புங்க" என்றார்.

அப்பா அனுப்பப் போனார். அம்மா தடுத்தார்.

"என்னங்க, படத்துல சத்தம் கேக்குமா? பக்கத்துல என்ன இருக்குன்னு தெரியுமா? முதல்ல விசாரிப்போம்."

அம்மா சொல்லச் சொல்ல மகள் கேள்விகளை இந்தியில் கேட்டாள். அம்மா பதில்களை நோட்டில் எழுதினார். நீங்களும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்.

1. பெரிய சாலையிலிருந்து எவ்வளவு தூரம்?

2. மொத்தம் எத்தனை கூடாரம்? ஐந்தாறு என்றால் அமைதி இருக்கும். ஐம்பது என்றால் அது சந்தை.

3. இரவில் பாட்டுப் போடுவீர்களா? ஜெனரேட்டர் ஓடுமா?

4. குடும்பங்கள் வருகின்றனவா? குடிப்பவர்களுக்கு இடம் தருவீர்களா?

5. கக்கூஸ் எங்கே? கதவும் விளக்கும் உண்டா? இரவில் பாட்டியும் பிள்ளைகளும் போக முடியுமா?

6. வாடகை ஆளுக்கா, கூடாரத்துக்கா? சாப்பாடு சேர்த்தா? பிள்ளைகளுக்கு எவ்வளவு?

7. ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்?

8. பக்கத்தில் ஊர் உண்டா? இரவில் ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது? போன் எடுக்குமா?

9. ஆஸ்பத்திரி எங்கே?

10. அரசிடம் பதிவு செய்த இடமா? பதிவு எண் என்ன?

பத்தாவது கேள்வி முக்கியம். இமாச்சல அரசு 2008இல் வீடுகளில் விருந்தாளிகளைத் தங்க வைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி வீட்டுக்காரர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்துகொண்டார்கள். பதிவு செய்த இடம் என்றால் குறை இருந்தால் போய்ச் சொல்ல ஓர் அலுவலகம் இருக்கும்.

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். முன்பணம் மட்டும் கொடுங்கள். ரசீது கேளுங்கள். போன் வழியாக அனுப்பினால் வரும் செய்தியை அழிக்காதீர்கள். அதுதான் சாட்சி.

ஸ்டாண்டில் படம் காட்டியவரால் மூன்றாவது கேள்விக்கும் பத்தாவது கேள்விக்கும் பதில் சொல்ல முடியவில்லை. வேறோர் இடத்தைக் கேட்டார்கள். குஷைனி பக்கம் ஒரு வீட்டுக்காரப் பெண்மணி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "எங்களிடம் நான்கே கூடாரம். ஒன்பது மணிக்கு நாங்களே தூங்கிவிடுவோம்" என்றார்.

அம்மா அந்தப் பதிலின் அடியில் ஒரு கோடு போட்டார்.

கல் சொன்ன பாடம்

ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை குடும்பம் கிளம்பியது. மறுநாள் மதியத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கீழே ஆறு ஓடியது. தண்ணீர் கண்ணாடி போல் இருந்தது. ஆற்றை ஒட்டி ஒரு மணல் திட்டு. அங்கே ஒருவரும் இல்லை.

அப்பாவுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. "கூடாரத்தை இங்கேயே போடச் சொல்லலாம். எவ்வளவு அமைதி பாரு!" என்றார்.

வீட்டுக்காரப் பெண்மணி தலையை ஆட்டினார். மகனைக் கூப்பிட்டார். "தம்பி, தண்ணீர் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கல் வை. மாலையில் வந்து பார்" என்றார்.

மகன் கல்லை வைத்தான். மாலையில் போய்ப் பார்த்தான். கல்லைக் காணோம். அது தண்ணீருக்குள் கிடந்தது. மழை ஒரு துளிகூடப் பெய்யவில்லை. தண்ணீர் எப்படி ஏறியது?

காரணம் எளிது. இந்த ஆறு பனிமலையிலிருந்து வருகிறது. காலையில் பனி இறுகி இருக்கும். தண்ணீர் குறைவாக வரும். பகலில் வெயில் ஏறும்போது பனி உருகும். உருகிய தண்ணீர் கீழே வந்து சேர மாலை ஆகிவிடும். எனவே கோடையில் காலையில் குறைந்த ஆறு மாலையில் ஏறும். மேலே மலையில் மழை பெய்தால் இன்னும் வேகமாக ஏறும். அந்த மழை நமக்குத் தெரியாது. நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்.

பெண்மணி சொன்னார்: "அந்த மணலில் ஏன் யாரும் இல்லை தெரியுமா? எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆற்றைத் தெரியும். அதனால்தான் இல்லை."

கூடாரங்கள் மேலே தோட்டத்தில் இருந்தன. ஆற்றுச் சத்தம் கேட்கும். ஆறு வந்து தொடாது.

அணை உள்ள ஆறு

அணை உள்ள ஆற்றில் இன்னொரு ஆபத்து உண்டு. பியாஸ் ஆற்றில் லார்ஜி அருகே ஒரு மின்சார அணை இருக்கிறது. மின்சாரம் எடுக்கும் அணைகளில் தண்ணீரைத் தேக்குவார்கள். பிறகு மதகைத் திறப்பார்கள். அணைக்குக் கீழே, பாறையும் மணலுமாகக் கிடந்த ஆறு சில நிமிடங்களில் நிரம்பிவிடும்.

2014 ஜூன் 8. ஞாயிற்றுக்கிழமை மாலை. ஐதராபாத்திலிருந்து கல்லூரி மாணவர்கள் மணாலிக்குச் சுற்றுலா வந்திருந்தார்கள். வழியில், அந்த அணைக்குக் கீழே தலவுட் என்ற இடத்தில் இறங்கினார்கள். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. பாறைகள் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தப்பி ஓட நேரம் இல்லை. 24 மாணவ மாணவியரும் அவர்களோடு வந்த வழிகாட்டியும் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

அவர்கள் படித்தவர்கள். நீச்சல் தெரிந்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஆறு அவர்களுக்குப் புதிது. மேலே அணை இருப்பதும், எப்போது திறப்பார்கள் என்பதும் வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்?

எனவே எந்த ஆற்றில் இறங்கும் முன்பும் உள்ளூர்க்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். 'மேலே அணை இருக்கிறதா? இறங்கலாமா?'

ஆற்றங்கரையில் அறிவிப்புப் பலகை இருந்தால் நின்று படியுங்கள். வடக்கே பலகைகள் பெரும்பாலும் இந்தியில் இருக்கும். நமக்குத் தமிழ் எழுத்துதான் தெரியும் என்றால் வெட்கப்பட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். அம்மா அப்படித்தான் கேட்டார். மகள் படித்துச் சொன்னாள்: "கத்ரான்னு போட்டிருக்கும்மா. கத்ரான்னா அபாயம்." அம்மா அந்த இந்திச் சொல்லை அப்படியே படம் வரைவதுபோல் நோட்டில் எழுதிக்கொண்டார். எதிரே தமிழில் 'அபாயம்' என்று எழுதினார். இனி எந்த ஊரில் பார்த்தாலும் அவருக்கு அந்தச் சொல் தெரியும்.

சங்கு ஊதும் சத்தம் கேட்டால், 'என்ன சத்தம்' என்று நின்று பார்க்காதீர்கள். உடனே மேட்டுக்கு ஏறுங்கள். துணி, செருப்பு, பாத்திரம் எதையும் எடுக்க நிற்காதீர்கள்.

கூடாரம் எங்கே இருக்கலாம்?

வாடகைக் கூடாரமாக இருந்தாலும் இடத்தை நீங்களே ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

உருண்டை உருண்டையாக வழவழப்பான கற்கள் கிடக்கின்றனவா? அங்கே ஆறு ஓடியிருக்கிறது. மறுபடியும் வரும்.

புதர்களில் குச்சியும் சருகும் சிக்கித் தொங்குகின்றனவா? அந்த உயரம் வரை வெள்ளம் வந்திருக்கிறது.

காய்ந்த ஓடைக்குள் கூடாரம் வேண்டாம். மலையில் பெருமழை பெய்தால் காய்ந்த ஓடைதான் முதலில் பொங்கும்.

மேலே உதிரும் பாறையோ பட்ட மரமோ இருந்தால் அதன் அடியில் வேண்டாம்.

கூடாரத்துக்குள் சாப்பாட்டை வைக்க வேண்டாம். அந்தக் காடுகளில் கரடி உண்டு. வாசனைக்கு வரும். இரவில் கூடாரத்தின் ஜிப்பை முழுவதும் மூடிவையுங்கள்.

இன்னொன்று, காலம். இமாச்சலத்தில் ஜூன் கடைசியில் மழைக்காலம் தொடங்கிவிடும். 2023 ஜூலை 9, 10 தேதிகளில் பெய்த பெருமழையில் பியாஸ் ஆறு கரை புரண்டது. குல்லு, மண்டி மாவட்டங்களில் சாலைகளும் பாலங்களும் கட்டடங்களும் போயின. எனவே விடுமுறை ஜூன் கடைசி வரை இருந்தாலும், பயணத்தை ஜூன் நடுவுக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

எங்கே கூடாரம் போடக் கூடாது?

சட்டமும் சில இடங்களில் தடுக்கிறது. தேசியப் பூங்காவிலும் வனவிலங்குச் சரணாலயத்திலும் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சொல்கிறது.

உத்தராகண்ட் மாநிலத்தில் மலை உச்சியில் பெரிய புல்வெளிகள் உண்டு. 'புக்யால்' என்பார்கள். கூடாரங்களும் குப்பையும் பெருகிப் புல்வெளி கெட்டது. அங்கே இரவில் தங்கக் கூடாது என்று 2018இல் அந்த மாநில உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது.

தனியார் தோட்டத்திலும் கேட்காமல் கூடாரம் போடக் கூடாது. அது ஒருவருடைய பிழைப்பு.

ஆற்றில் டிரவுட் என்ற மீன் உண்டு. அதைப் பிடிக்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

அமைதி நம் கையிலும் இருக்கிறது

அமைதியான இடத்தைத் தேடிப் போகிறோம். போன பிறகு நாமே சத்தம் போட்டால்? அடுத்த கூடாரத்தில் இருப்பவருக்கு நாம்தான் மணாலி.

முதல் இரவு மகன் போனில் பாட்டுப் போட்டான். பாட்டி சொன்னார்: "அதை நிறுத்துடா கண்ணு. அந்தப் பாட்டை அங்கேயே கேட்கலாம். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெட்ட வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இது நாடு முழுவதற்கும் பொருந்தும் விதி. 2000ஆம் ஆண்டில் வந்தது. பக்கத்தில் யாராவது மீறினால் முதலில் இடத்துக்காரரிடம் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் 112 எண்ணுக்குப் போன் செய்யலாம். போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே எண்தான்.

நெருப்பில் கவனம் வேண்டும். இமயமலையின் தாழ்ந்த சரிவுகளில் பைன் மரங்கள் அதிகம். கோடையில் அவற்றின் ஊசி இலைகள் காய்ந்து தரையில் மெத்தைபோல் கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். மலையே பற்றிக்கொள்ளும். குளிருக்கு நெருப்பு வேண்டும் என்றால் இடத்துக்காரர் காட்டும் இடத்தில் மட்டும் மூட்டுங்கள். தூங்கும் முன் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். சாம்பலில் கையைக் காட்டிப் பாருங்கள். சூடு இருந்தால் மறுபடியும் ஊற்றுங்கள்.

குப்பையைக் காட்டில் விடாதீர்கள். இமாச்சலத்தில் 2009இலேயே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. அம்மா இரண்டு துணிப் பைகள் தைத்து எடுத்துப் போனார். ஒன்று சாமானுக்கு. இன்னொன்று குப்பைக்கு. குப்பைப் பை அவர்களோடு பஞ்சார் வரை பஸ்ஸில் வந்தது.

கூடாரம் வேண்டாம் என்றால்?

வயதானவர்களுக்குத் தரையில் படுத்து எழுவது சிரமம். கைக்குழந்தைக்கும் குளிர் ஆகாது. அப்படி என்றால் கூடாரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அதே கிராமத்தில் வீட்டு அறை எடுக்கலாம். பாட்டி அப்படித்தான் செய்தார். முதல் இரவு கூடாரத்தில் பேரன் பேத்தியோடு படுத்தார். மறுநாள் முழங்கால் வலி. அன்று இரவு வீட்டுக்காரப் பெண்மணியின் அறைக்கு மாறினார். இருவருக்கும் பாஷை ஒத்துவரவில்லை. ஆனாலும் அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார்கள். அந்த ஊர்ப் பலகாரம் 'சித்து' செய்வதைப் பாட்டி பார்த்தார். கோதுமை மாவைப் புளிக்க வைத்து, உள்ளே பூரணம் வைத்து, ஆவியில் வேகவைக்கிறார்கள். "நம்ம கொழுக்கட்டைக்குப் பெரியம்மா மாதிரி இருக்கு" என்றார் பாட்டி.

செலவு குறைவாக வேண்டும் என்றால் இளைஞர் விடுதிகளும் உண்டு. இந்திய இளைஞர் விடுதிகள் சங்கம் 1949இல் தொடங்கியது. பெயர்தான் இளைஞர் விடுதி. குடும்பங்களுக்கும் அவர்கள் கோடை முகாம் நடத்துகிறார்கள். பெரிய நகரங்களில் அவர்களுக்குக் கிளைகள் உண்டு. போய் விசாரிக்கலாம்.

கூட்டம் வேண்டாம், ஆள் வேண்டும்

இதுவரை படித்ததில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கூட்டம் இல்லாத இடம் வேறு. ஆள் இல்லாத இடம் வேறு.

கூட்டம் இல்லாத இடம் நல்லது. அங்கே ஊர் இருக்கும். ஆற்றைத் தெரிந்த மனிதர்கள் இருப்பார்கள். 'அங்கே போகாதே' என்று சொல்ல ஒரு குரல் இருக்கும்.

ஒருவருமே இல்லாத இடம் அமைதியாகத்தான் தெரியும். ஏன் ஒருவரும் இல்லை என்று கேளுங்கள். பதில் தெரியும்வரை அங்கே படுக்காதீர்கள்.

கடைசி இரவு. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அப்பா குறட்டை விட்டார். அம்மா டார்ச் வெளிச்சத்தில் நோட்டை எடுத்தார். விழுப்புரத்தில் இருக்கும் தங்கைக்குக் கடிதம் எழுதினார். அவர் தன் கையால் எழுதும் முதல் கடிதம் அது.

'தங்கச்சி, நாங்கள் மலையில் இருக்கிறோம். இங்கே ஹாரன் சத்தம் இல்லை. ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்கிறது. ஆற்றுக்கு ரொம்ப மேலே படுத்திருக்கிறோம். பயப்படாதே. அடுத்த வருடம் நீயும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. மாதா மாதம் கொஞ்சம் காசு சேர்த்து வை. வருவதற்கு முன் என்னைக் கேள். என்னிடம் பத்துக் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன்.'

பேசிப் பார்ப்போம்

1. மகன் வைத்த கல் ஏன் தண்ணீருக்குள் போனது?

2. மழை இல்லாமலும் ஆற்றில் தண்ணீர் ஏறும். அதற்கு இரண்டு காரணங்கள் சொல்லுங்கள்.

3. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆறு, ஏரி, அருவி உண்டா? வெளியூர்க்காரர் வந்தால் எந்த இடத்தில் இறங்க வேண்டாம் என்று சொல்வீர்கள்?

4. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் பத்து. அவற்றில் உங்களுக்கு மிக முக்கியமான மூன்றை நோட்டில் எழுதுங்கள்.

5. அமைதியான இடத்துக்குப் போய் அமைதியைக் கெடுப்பது எப்படி? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.